சேர் பொன். இராமநாதனும் வாக்குரிமையும்

சென்ற தவணையிற் பேச்சுப் போட்டி ஒன்றின் பொருட்டு எம் வகுப்பு மாணவர் சிலர் சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றி உரை எழுதி வந்தனர். எழுதிய யாவும் ஒரே வார்ப்பில் வார்த்தவை. கொடை வள்ளல், சைவக் காவலர், சிங்கள மக்களைச் சிறையினின்றும் மீட்ட வீரர் என்பனவே மூன்று பந்திகளும். உரைகளைத் திருத்திக் கொண்டிருந்தபோது, போட்டியிற் கலந்துகொள்ளாத மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினா விடுத்தாள்: “சேர், இவர் பெண்களுக்கு வாக்குக் குடுக்க வேண்டாம் என்று சொன்னவர் தானே? அப்படியெண்டால் எங்கட பூட்டிக்கு வாக்கு இருந்திருக்காதோ?” அவளுடைய பூட்டி வாவிக் கரையிற் கருவாடு விற்றுக் குடும்பம் நடத்தியவர். எழுத்தறியாதவர். வினா நேர்மையானது. விடை கூற எமக்கு ஒரு பாடவேளை போதவில்லை. (‘சேர்’ என்ற பட்டத்தை அன்று ஆங்கில மன்னர் அளித்தார், இன்று மாங்கேணிப் பிள்ளைகள் எம்போன்றார்க்கும் தாராளமாக அளிக்கின்றனர்!) அவ்விடையைச் சற்று விரித்து, நம் கல்லூரியின் பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் எழுத முற்பட்டோம்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு சித்திரைத் திங்கள் கொழும்பிலே பிறந்தார். அரசியல் அவருக்குக் குலச் சொத்தெனவே கூறலாம். தாய்வழிப் பாட்டனாராகிய குமாரசுவாமி முதலியார் 1833இல் அமைந்த சட்ட நிரூபண சபையின் முதலாவது தமிழ்ப் பிரதிநிதி. தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமியும் அச்சபையில் இருந்தவர். 1879இல் மாமனார் மறைய, அவ்வாசனம் இருபத்தெட்டு வயது நிரம்பிய மருகரைச் சென்றடைந்தது. இவை யாவும் தேசாதிபதியின் நியமனங்களே. மக்கள் எவரும் வாக்களித்து இவர்களை அனுப்பவில்லை. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுதல் வேண்டும். நாட்டுக்குப் பேசும் உரிமை தகுதியுடைய குடியிற் பிறந்தார்க்கு இயல்பாக வருவது என்னும் எண்ணம் இராமநாதனுக்கு நூலிற் கற்ற கொள்கையன்று. பிறந்து வளர்ந்த வீட்டின் வழக்கம்.

பதின்மூன்று ஆண்டுகள் சபையில் இருந்தபின், 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். அமெரிக்கா சென்று சமய விரிவுரைகள் ஆற்றினார். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்தைக் கருங்கல்லாற் புதுக்கினார். ஓய்வுற்ற முதியவர் பூசையும் நூலுமாக இருந்திருக்கலாம். ஆயின் 1911இல் ‘படித்த இலங்கையர்’ என்னும் புதிய தொகுதி ஒன்று வகுக்கப்பட்டு, இலங்கையர் முதன்முறையாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. நாடு முழுமைக்கும் ஓர் ஆசனம்; வாக்காளரோ ஏறக்குறைய மூவாயிரவர். டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்து நின்று இராமநாதன் வென்றார்.

இவ்வெற்றியைச் சிங்களவரும் தமிழரும் ஒன்றாயிருந்த பொற்காலத்தின் சான்றாக மேடைகளிற் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை அன்று. பெர்னாண்டோ கராவ வகுப்பினர். கொவிகம வகுப்பைச் சேர்ந்த சிங்களப் பிரமுகர் பலர், தம் இனத்துக் கராவரிலும் பிற இனத்து வேளாளர் மேலெனக் கருதி இராமநாதனுக்கு வாக்களித்தனர் என வரலாற்றாசிரியர் எடுத்துக் காட்டுவர். இனங்களுக்கிடையே பாலம் போட்டது சாதி! மாணவர் இதனைக் கேட்டுச் சிரித்தனர். சிரித்தற்குரியதே.

1915ஆம் ஆண்டு வைகாசி இறுதியிற் கண்டியிலே மூண்ட கலகம் தென்மேற்கு மாகாணங்களிற் பரவியது. சோனகரின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் சேதமுற்றன, உயிர்கள் மாண்டன. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. கலகம் அடங்கிய பின்னும் அச்சட்டம் ஆவணி இறுதிவரை நீங்கவில்லை. விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டனர். எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி கொல்லப்பட்டார். பிற்காலத்தில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா உள்ளிட்ட பலர் சிறையிடப்பட்டனர். அவ்வேளையில் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸின் ஆட்சியைச் சபையில் எழுந்து நின்று கண்டித்தவர் இராமநாதன். உலகப் போர் நடந்துகொண்டிருக்க, நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய கடலிற் பயணஞ் செய்து இலண்டன் சென்று முறையிட்டார். 1916இல் அதனை ஒரு நூலாகவும் வெளியிட்டார். சாமர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். கொழும்பு மீண்ட இராமநாதனின் வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெருமக்கள் தாமே இழுத்துச் சென்ற காட்சி யாவரும் அறிந்தது.

ஈண்டு ஒரு சொல் இடைமறித்துக் கூறுதல் கடன். யாம் வாழும் வாவிக் கரையிலே தமிழூரும் சோனக ஊரும் அடுத்தடுத்து உள்ளன. வயலும் சந்தையும் பொதுவானவை. எம் பக்கத்து முஸ்லிம் அன்பர் ஒருவரிடம் 1915ஐப் பற்றிப் பேசினால் அவர் வேறொரு கதையைக் கூறுவார். கடை இழந்தோருக்காகவும் உயிர் இழந்தோருக்காகவும் அத்துணை வன்மையாகப் பேசியவர் யார் என வினவுவார். அதற்கு முன்னரே, 1880களில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என இராமநாதன் ஒரு கட்டுரை வாசித்து வெளியிட்டிருந்தார். அதனை ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுத்தெழுதினார். ஆகவே தெற்கிலே மீட்பராகப் போற்றப்பட்டவர் நம் அயலவர் மனத்தில் ஒரு நெருடலாக நின்றார். ஒருவரது வாழ்க்கையை ஒரு மக்களின் நினைவிலிருந்து மட்டும் எழுதுதல் ஆகாது என்பதற்கு நம் மாவட்டமே நல்ல பாடசாலை.

முதலாம் உலகப் போர் முடிந்தபின் இலங்கை அரசியலின் நடை மாறியது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் இராமநாதனின் இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டிற் பிறந்து, இரு வழி நடந்தவர்கள். அருணாசலம் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, அவர்களைச் சிறைக்கனுப்பும் தண்டச் சட்டங்களை நீக்கப் பாடுபட்டார். தொழிலாளர் நலச் சங்கம் அமைத்தார். ஆட்சி கீழிருந்து மேலெழ வேண்டும் என எண்ணினார். தமையனோ மேலிருந்து கீழ்நோக்கி அருள் செய்வதே ஆட்சி எனக் கொண்டார். கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி பொய்த்தபின் அருணாசலம் 1921இற் காங்கிரசினின்றும் வெளியேறினார். 1924 தையில் மதுரையிலே யாத்திரை சென்றவிடத்து அவர் மறைந்தார். அதன்பின் தமிழ் அரசியலில் மூத்த குரலாக இராமநாதன் குரலே எஞ்சியது. அவர் அவ்வாண்டு வட மாகாணத்திலிருந்து புதிய சட்ட நிரூபண சபைக்குத் தெரிவானார்.

இக்காலத்துக் கல்விப் பணிகளை விரித்தல் வேண்டா. பழைய மாணவர் நன்கறிவர். 1913இல் மருதனார்மடத்தருகே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரி, 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேசுவராக் கல்லூரி. பின்னையது 1974இற் பல்கலைக்கழக வளாகமாயிற்று. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அம்மண்ணிலேயே நிற்கின்றது. நம் பிள்ளைகளுள்ளும் பலர் அங்கே சென்று பட்டம் பெற்றனர். மிஷன் பாடசாலையிற் படித்தால் மதம் மாற நேரிடுமோ எனப் பெற்றோர் அஞ்சிய நாளிலே, சைவப் பிள்ளைக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்தவர் அவர். இந்துக் கல்லூரி என்று பெயர் தாங்கிய எதுவும் அந்தக் கடனை மறுத்தல் இயலாது.

இனி, மாணவியின் வினாவுக்கு வருவோம்.

1924ஆம் ஆண்டுச் சபையில் அதிகாரிகள் 12 பேர், அதிகாரிகளல்லாதோர் 37 பேர். ஆயினும் வாக்குரிமை பெற்றிருந்தோர் குடிசனத்தில் நூற்றுக்கு நால்வரே. வருமானம், சொத்து, எழுத்தறிவு ஆகிய தகுதிகளுடைய ஆடவர் மட்டுமே வாக்களித்தனர். 1927 கார்த்திகையில் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு வந்திறங்கியது. இரு மாதங்கள் சாட்சியம் கேட்டது. காங்கிரஸ்காரர் உட்பட அன்றைய தலைவருள் மிகப் பலர் சர்வசன வாக்குரிமையைக் கேட்கவில்லை. ஏ. ஈ. குணசிங்கா முதலிய தொழிற்சங்கத்தார் கேட்டனர். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் கேட்டனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என ஆணைக்குழுத் தலைவர் வினவியபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என அக்னெஸ் டி சில்வா விடையிறுத்தார். அவர் தமிழரல்லர். தமிழ்ப் பெண் தொழிலாளியின் வாக்குக்காக அவ்வறையில் ஒலித்த இக்குரலை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

1928 ஆடியில் அறிக்கை வெளிவந்தது. இனவாரி ஆசனங்கள் நீக்கப்பட வேண்டும்; சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து ஆட்சியை நடத்த வேண்டும்; இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர்க்கும் முப்பது வயது நிரம்பிய பெண்டிர்க்கும் வாக்கு வழங்க வேண்டும் என அது கூறிற்று. பெண்களின் வயதும் பின்னர் இருபத்தொன்றாகக் குறைக்கப்பட்டது. படியாதவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்டோருக்கு ஆணைக்குழு தந்த விடை கூரியது: ஏழைகளுக்குரிய சட்டங்கள் இந்நாட்டிற் பின்தங்கிக் கிடப்பதற்குக் காரணமே அவர்களுக்கு வாக்கில்லாமைதான்.

இராமநாதன் இவ்வறிக்கையை வேரோடு எதிர்த்தார். அவ்வெதிர்ப்பில் இரண்டு வாதங்கள் பின்னிக் கிடந்தன. மாணவர் இவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதலாவது, இனவாரி ஆசனங்களை நீக்கி நிலப்பரப்பின்படி தொகுதிகளை வகுத்தால், எண்ணிக்கையிற் குறைந்த தமிழர் என்றும் எண்ணிக்கையில் மிகுந்தோரின் தயவில் வாழ நேரிடும் என்பது. இது வீண் அச்சமன்று. 1948, 1949ஆம் ஆண்டுகளில் மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டமையும், 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானமையும், அதன்பின் நிகழ்ந்தவையும் நாம் அறிந்தனவே. 1915இலே தம் வண்டியை இழுத்தவர்களை நம்பாமல் 1928இல் அவர் சட்டப் பாதுகாப்பைக் கேட்டார் எனின், அது நன்றி மறந்த செயலாகாது, முன்னறிவு எனலாம்.

இரண்டாவது வாதம் வேறு. வாக்குரிமை கல்வியும் சொத்தும் உடையாரைக் கடந்து செல்லலாகாது; பெண்களுக்கு அது வேண்டியதில்லை; வேளாளரல்லாத குடிகளின் கையில் அதனைக் கொடுத்தால் கும்பலாட்சியே விளையும்; அது இந்து வாழ்க்கை முறைக்கே மாறானது என்பது. பேச்சுப் போட்டி உரைகளில் இவ்வாதம் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. மறைத்தல் மரியாதை என நாம் எண்ணிவிட்டோம் போலும். எமது கருத்து வேறு. மறைக்கப்பட்டதை மாணவர் வேறிடத்தில் அறிய நேரும்போது, மறைத்தவரையும் மறைக்கப்பட்டவரையும் ஒருங்கே அவர்கள் நம்பாதொழிவர்.

இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று அறுத்தன என்பதே எம் துணிபு. எண்ணிக்கையிற் பெரியோர் சிறியோரை நசுக்குவர் ஆதலாற் பாதுகாப்பு வேண்டும் என இலண்டனை நோக்கிக் கேட்டவர், தம் ஊரிலே கிணற்றிலும் கோயிலிலும் பள்ளி வாங்கிலும் ஒதுக்கப்பட்டவர் கேட்ட அதே பாதுகாப்பை மறுத்தார். யாழ்ப்பாணத்திற் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரலாமா என்ற பிணக்கு மூண்டிருந்ததும் அக்காலத்தையொட்டியே. மேலும், வாதத்தைக் கேட்டவர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1929இல் இங்கிலாந்திலே தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. குடியேற்ற நாட்டு மந்திரி பாஸ்ஃபீல்ட் பிரபு ஏழைகளின் வாழ்வை ஆராய்ந்து நூல்கள் எழுதிய சிட்னி வெப் என்பவரே. அவருக்குத் துணை மந்திரியாக அமர்ந்தவர் டாக்டர் டிறமண்ட் ஷீல்ஸ். டொனமூர் ஆணைக்குழுவின் நால்வருள் ஒருவர்! அத்தகையார் முன்னிலையிலே, சாதாரண மக்களுக்கு வாக்கு ஆகாது என்ற சொல்லையும் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற சொல்லையும் ஒரே மனுவிற் கட்டிக் கொடுத்தால், நல்ல வாதமும் பழுதுற்ற வாதத்தோடு சேர்ந்தே மூழ்கும். நல்ல வழக்கறிஞராகிய அவர் இதனைக் காணாமற் போனது வியப்பே. காணாமற் போனமைக்குக் காரணம், இரண்டும் அவருக்கு ஒரே வாதமாகத் தோன்றியமைதான்.

1929 மார்கழியிலே சபை வாக்கெடுப்பு நடத்திற்று. ஏற்போர் 19, மறுப்போர் 17. இருவர் வேறுபாட்டில் இலங்கையின் அரசியல் திசை மாறியது. மறுத்தோரின் முன்னணியில் நின்ற முதியவர் ஓயவில்லை. 1930இல், எழுபத்தொன்பதாம் வயதில், மீண்டும் கப்பலேறி இலண்டன் சென்று தம் விண்ணப்பத்தை முன்வைத்தார். முன்னர் ஒரு தேசாதிபதியையே திரும்ப அழைக்கச் செய்தவருக்கு இம்முறை வெறுங்கையே எஞ்சிற்று. நாடு திரும்பி, அவ்வாண்டு கார்த்திகை 26ஆம் நாள் மறைந்தார். மருதனார்மடத்தில், தாம் நிறுவிய பெண்கள் கல்லூரி வளவிலேயே அவர் சமாதி கொண்டுள்ளார்.

பழமை பேணுவோர் அனைவரும் அக்காலத்தில் இவ்வாறே நின்றனர் எனச் சிலர் சமாதானம் கூறுவர். அது பொருந்தாது. அதே காலத்துப் பிரான்சு தேசத்தைப் பார்ப்போம். அங்கே லூயி மரென் என்பவர் பழமை பேணும் கட்சியான குடியரசுக் கூட்டமைப்பை இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடத்தியவர், தேசப்பற்று மிக்கவர், சமயத்தையும் குடும்பத்தையும் போற்றியவர். அவரே பெண்களுக்கு வாக்கு வேண்டும் என விடாது வாதாடினார். அதனைத் தடுத்து வந்தவர்களோ முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட மேற்சபை உறுப்பினர். பெண்கள் மதகுருமாரின் சொற்படி வாக்களித்து விடுவர் என அஞ்சினர்! பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். நம் நாட்டுப் பெண்கள் 1931இலேயே பெற்றனர். ஆகவே பழமைப் பற்று ஒருவரை எத்திசையிலும் செலுத்தலாம். எதைப் பழமை எனத் தெரிந்தெடுக்கிறோம் என்பதிலேயே வேறுபாடு அமையும். சைவத்தைப் பேணப் புகுந்தவர் சாதியையும் சேர்த்துப் பேணவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் எழுதப்படவில்லை. இதற்குச் சான்று தேடிப் பாரிஸ் வரை செல்லவும் வேண்டா. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தபோது அயலிலுள்ள திருவேட்களத்து ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பாடஞ் சொன்னார். காவி உடுத்த அவரைச் சைவத்தின் பகைவர் என எவர் கூறுவர்?

மாணவிக்கு யாம் கூறிய விடை இதுவே: “ஆம். அவர் எண்ணியபடி நடந்திருந்தால் உன் பூட்டிக்கு அன்று வாக்கு இருந்திராது. உன் பூட்டனுக்கும் இருந்திராது. உனக்குக் கற்பிக்கும் எம் பாட்டனாருக்கும் ஐயந்தான்.” வகுப்பு அமைதியாயிற்று. போட்டிக்கு எழுதிய மாணவன், “அப்படியெண்டால் என்ர பேச்சைக் கிழிக்கவோ சேர்?” என்றான். கிழிக்க வேண்டா, நாலாவது பந்தி ஒன்று சேர் என்றோம். சேர்த்தான். பரிசு கிட்டவில்லை. பெரியாரைக் குறை கூறலாகாது என நடுவருள் ஒருவர் குறிப்பெழுதியிருந்தார். அந்நடுவரோடு வழக்காடும் நோக்கம் எமக்கில்லை. ஆயின் அந்த நாலாவது பந்தியே அவ்வுரையிற் சிறந்த பந்தி என்பதை இங்கே பதிவு செய்கின்றோம்.

எஞ்சிய வரலாறு சிறிது. 1931 ஆனியிற் சர்வசன வாக்குரிமையின்படி முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது. மட்டக்களப்புத் தெற்கிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார் மந்திரியாகவும் ஆனார். வடக்கிலோ யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. இராமநாதன் அஞ்சியதுபோல் உரிமை அளவு கடந்துவிட்டது என்பதற்காக அன்று. முழுச் சுயராச்சியம் அளிக்கப்படவில்லை, உரிமை போதாது என்பதற்காக! நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அவ்வாசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. ஆகவே இராமநாதன் கல்லூரியிற் கற்பித்த ஆசிரியைகள் வாக்குரிமை பெற்றும் மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1934இல் இடைத்தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலத்தின் மைந்தர் அ. மகாதேவா தெரிவானார். காங்கேசன்துறைத் தொகுதியிற் படித்தவரும் படியாதவரும், ஆடவரும் பெண்டிரும், வேளாளரும் வேளாளரல்லாதாரும் வாக்காளராய் இருந்து தெரிந்தனுப்பியவர் சு. நடேசபிள்ளை. அவர் பரமேசுவராக் கல்லூரி அதிபர், சேர் பொன். இராமநாதனின் மருமகன்.